கலியபெருமாள் கலக்காத தொட்டி

முத்தியால்பேட்டையில் கலியபெருமாளைத் தெரியாதவர்கள் குறைவு. அவருடைய அக்கறையில் மாட்டிக்கொள்ளாதவர்கள் அதைவிடக் குறைவு. தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்று காதில் விழுந்தால் போதும், மனிதர் தூக்கில் கஞ்சியோடு வாசலில் நிற்பார். கொடுத்துவிட்டுப் போனாலாவது பரவாயில்லை. குடித்த கஞ்சி வயிற்றில் தங்கியதா, வியர்த்ததா, தூக்கம் வந்ததா என்று மணிக்கொரு தரம் வந்து விசாரிப்பார். அசந்து தூங்கும் மனைவியைத் தட்டி எழுப்பி, நன்றாகத் தூங்குகிறாயா என்று கேட்ட புருஷன் உலகத்தில் அவர் ஒருத்தராகத்தான் இருக்க முடியும். உலை மூடியைத் திறந்து திறந்து பார்த்துச் சோற்றை வேகவிடமாட்டார் என்பதால், அடுப்பங்கரைப் பக்கமே வரக்கூடாது என்று அவர் மனைவி ஜெயம் கல்யாணமான முதல் வருடமே சொல்லிவிட்டார்.

அவரைக் குறை சொல்லவும் மனசு வராது. பார்த்த வேலை அப்படி. பத்தொன்பது வயதில் மில்லின் சாயப் பிரிவில் சேர்ந்தவர். நூல் சிட்டங்களைச் சாயத்தில் இறக்கிவிட்டால், அப்புறம் கை ஓயக்கூடாது. மூங்கில் கொம்பால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வெற்றிலை போடுகிற நேரம் அசந்தாலும் சாயம் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் ஏறாமல், நூல் திட்டுத் திட்டாகப் போய்விடும். நெய்கிறவன் அந்த நூலைத் தூக்கி முகத்தில் எறிவான். அதனால் சாயக்காரனுக்குக் கலக்குவது என்பது தனியாக ஒரு வேலை இல்லை. மூச்சு விடுவதை யாராவது வேலை என்று சொல்வார்களா?

மில்லில் அந்தப் பிரிவை மூடி ஆட்களை அனுப்பியபோது கலியபெருமாளுக்கு நாற்பத்தைந்து வயது. கேட்டுக்கு வெளியே நின்றவர்களில் சிலர் ஆட்டோ ஓட்டப் போனார்கள். சிலர் தேங்காய்த்திட்டு துறைமுகத்து ஏலத்தில் மீன் கூடை தூக்கினார்கள். இவர் ஒன்றரை வருடம் கிடைத்த வேலையெல்லாம் செய்து, அடிபட்டு, கடைசியில் முத்தியால்பேட்டைக்கு வடக்கே கிருஷ்ணசாமியின் சாயப்பட்டறையில் வந்து சேர்ந்தார். கைலி நெய்கிறவர்களுக்கு நூல் சாயம் போட்டுக் கொடுக்கும் சின்னப் பட்டறை. மொத்தம் பதினெட்டுப் பேர். கிருஷ்ணசாமி வயதில் இளையவர், கலியபெருமாளை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுவார். இந்த இடமும் போனால் இந்த வயதில் இன்னொரு வாசல் கிடையாது என்று கலியபெருமாளுக்கு நன்றாகவே தெரியும்.

அந்த வாசலுக்குத்தான் ஆபத்து வந்தது. இரண்டாயிரத்து ஆறாம் வருடம், வைகாசி மாதம். பட்டறையின் கழிவு நீர் பின்பக்கத்து வாய்க்காலில் சிவப்பாக ஓடுவதை அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். பிறகு கடிதம் வந்தது. தண்ணீரின் நிறத்தை எடுத்த பிறகே வெளியே விட வேண்டும், தீபாவளிக்கு முன்னால் வந்து மாதிரி எடுப்போம், சரியாக இல்லாவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்று அதில் இருந்தது. அவர்கள் கேட்டதில் தப்பில்லை. அந்த வாய்க்காலுக்குப் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் தன் கிணற்றில் ரோஸ் நிறத் தண்ணீர் இறைத்து, வாளியோடு கொண்டுவந்து கிருஷ்ணசாமி மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். சுண்ணாம்பும் படிகாரமும் போட்டுப் பார்த்தார்கள். சகதிதான் மலையாகச் சேர்ந்தது, சிவப்பு போவேனா என்றது.

அப்போது வந்தவள்தான் சிந்துஜா. காலேஜில் நுண்ணுயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண், வயது இருபத்தைந்து. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நேராக வந்து, உங்கள் வாய்க்காலிலிருந்து எனக்கு ஒரு கரண்டி சேறு வேண்டும் என்று கேட்டாள். பட்டறையே சிரித்தது. கலியபெருமாள் மட்டும் சிரிக்கவில்லை. பெண்பிள்ளை சேற்றில் இறங்க வேண்டாம் என்று தானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரு கரண்டி கேட்டவளுக்கு ஒரு வாளி எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து அவள் கையில் இரண்டு கண்ணாடிக் குடுவைகளோடு திரும்பி வந்தாள். ஒன்றில் பட்டறையின் சிவப்புத் தண்ணீர் அப்படியே. இன்னொன்றில் அதே தண்ணீர், லேசான மஞ்சள் சாயலோடு தெளிந்து நின்றது. வருடக்கணக்காகச் சாயத்திலேயே கிடந்த சேற்றில், சாயத்தை உடைத்துப் போடுகிற ஒரு பாக்டீரியா இருக்கிறது என்று அவள் விளக்கினாள். அதைப் பிரித்தெடுத்துப் பெருக்கியிருக்கிறாள். பட்டறையில் ஒரு தொட்டி கட்டினால் அதில் இறக்கிப் பார்க்கலாம். அதற்கு அடுத்த தொட்டியில் காற்று ஊதிவிட்டால், உடைந்த சாயத்தின் மிச்சத்தை வேறு பாக்டீரியாக்கள் தின்று தீர்த்துவிடும்.

கலியபெருமாளுக்கு இவ்வளவும் பாதிதான் புரிந்தது. அவர் கேட்டது ஒரே கேள்வி. "இதுங்களுக்கு உயிர் இருக்கா பாப்பா?"

இருக்கிறது என்றாள் சிந்துஜா. அவ்வளவுதான், அந்தத் தொட்டிக்குப் பிடித்தது சனி.

கிருஷ்ணசாமி தொட்டியைக் கட்டி, பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அண்ணனிடம் கொடுத்தார். செய்ய வேண்டியவற்றைச் சிந்துஜா சொல்லிக் கொடுத்தாள். தினமும் இவ்வளவு வெல்லக் கரைசல், இவ்வளவு ஈஸ்ட். ஊற்றிவிட்டுத் தொட்டியை மூடிவிட வேண்டும், அசையாமல் இருக்க வேண்டும். கலியபெருமாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடை வெல்லத்தில் மண் இருக்கிறது என்று, ஜெயம் அதிரசத்துக்காக எடுத்து வைத்திருந்த நல்ல பாகு வெல்லத்தைக் கொண்டுவந்து கரைத்தார். நம்ம வாய்க்காலில் பொறந்ததுங்க, நம்ம ஊர்ப் பிள்ளைங்க என்று பெருமையாக எல்லோரிடமும் சொன்னார். காலையில் மூடியை நகர்த்தி, சாப்பிட்டீங்களா என்று கேட்பதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

கேட்டுவிட்டு, கலக்குவார்.

சிந்துஜா சொன்னது காதில் விழாமல் இல்லை. தொட்டி அசையக் கூடாது என்றாள், தொட்டி அசையவில்லை. வேறு எதையும் போடக் கூடாது என்றாள், போடவில்லை. ஆனால் நிறைய தண்ணீர், அதில் சாயம், பக்கத்தில் மூங்கில் கொம்பு என்று இருக்கும்போது கலக்காமல் நிற்பது எப்படி என்று அவர் கைக்குத் தெரியாது. மூடி வைத்தால் உள்ளே புழுங்குமே என்ற பரிதாபம் வேறு. அரை மணிக்கு ஒரு தடவை, அடியிலிருந்து மேல்வரை, நுரை வரும்படி நன்றாகக் காற்றுப் பட கலக்கினார். காலை ஐந்து மணிக்கு முதல் கலக்கல், ராத்திரி வீட்டுக்குக் கிளம்புமுன் கடைசிக் கலக்கல். விடிந்து வந்து பார்த்தால் சிவப்பு ஒரு சாயல் குறைந்த மாதிரி தெரியும். ஆகா, நேற்றுக் கலக்கியது வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டு, இன்னும் கொஞ்சம் உற்சாகமாகக் கலக்குவார்.

சிந்துஜா சாயங்காலம் ஒரு தடவை வருவாள். அவள் வந்தால் மரியாதையாக ஒதுங்கி நிற்பார். ஒரு வாரம் ஆனது, தண்ணீர் சிவப்பாகவே இருந்தது. தொட்டியைக் காலி செய்து புதிதாக ஆரம்பித்தார்கள். மறுபடியும் சிவப்பு. உப்பு அதிகமோ என்று பார்த்தாள், காரம் அதிகமோ என்று பார்த்தாள், வெயில் சூடு பார்த்தாள். காலேஜ் குடுவையில் ஒன்றரை நாளில் தெளிகிற அதே தண்ணீர், இங்கே ஏன் அடம் பிடிக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. வேறு ஏதாவது செய்தீர்களா என்று கலியபெருமாளைக் கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னார். மனசறிந்து பொய் சொல்லவில்லை. சாயத்தைக் கலக்குவதைத்தான் அவர் செய்கிற காரியமாகவே கணக்கில் வைத்ததில்லையே.

ஐந்தாவது வாரம், சிந்துஜா தொட்டிக் கட்டையில் உட்கார்ந்து அழுதாள். தன்னுடைய பாக்டீரியா குடுவைக்குத்தான் லாயக்கு, பதினெட்டுப் பேருக்கு வீணாக ஆசை காட்டிவிட்டேன் என்றாள். கலியபெருமாளுக்குத் தாங்கவில்லை. டீ வாங்கி வந்து கொடுத்தார், ஆறிவிட்டது என்று இன்னொன்று வாங்கி வந்தார். அவள் போன பிறகு மூடியைத் திறந்து, அந்தப் பொண்ணு முகத்துக்காகவாவது வேலை செய்யக் கூடாதா என்று தொட்டியிடம் மன்றாடினார். மன்றாடியபடியே நூறு சுற்றுக் கலக்கினார்.

அப்போதுதான் ஊருக்குள் சிக்குன்குனியா வந்தது. வீட்டுக்கு வீடு ஆள் படுத்தார்கள். விழுந்தவர்கள் எழுந்து நடக்கும்போது மூட்டைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து நடந்தார்கள். பட்டறையில் பதினோரு பேர் ஒரே நேரத்தில் விழ, கிருஷ்ணசாமி நான்கு நாள் பூட்டிவிட்டார். பூட்டுவதற்கு முன் சிந்துஜா வந்து, கடைசி முயற்சியாக வெல்லக் கரைசலை இரண்டு மடங்காக ஊற்றிவிட்டுப் போனாள். கலியபெருமாளும் விழுந்துவிட்டார். டம்ளரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. அந்த நிலையிலும், பூட்டிய பட்டறையில் பிள்ளைகள் தனியாகக் கிடக்குமே, போய் ஒரு கலக்குக் கலக்கிவிட்டு வருகிறேன் என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். ஜெயம் அவர் வேட்டியையும் சட்டையையும் எடுத்து ஊறப்போட்டுவிட்டார். போர்வையோடு தெருவில் இறங்க முடியாமல் மனிதர் படுத்துக் கிடந்தார்.

ஐந்தாம் நாள் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பட்டறைக்கு வந்தபோது, தொட்டியைச் சுற்றிக் கூட்டம். சிந்துஜா சிரித்துக்கொண்டிருந்தாள். கிருஷ்ணசாமி சிரித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளிந்திருந்தது. அடியிலிருந்த சிமெண்டுப் பூச்சு கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு மடங்கு வெல்லம்தான் காரணம், இவ்வளவு நாள் பட்டினி போட்டிருக்கிறோம் என்று சிந்துஜா தன் பேராசிரியருக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த தண்ணீருக்கு மூன்று மடங்கு ஊற்றலாம் என்று கணக்குப் போட்டாள்.

கலியபெருமாளும் சந்தோஷமாகத்தான் சிரித்தார். பழக்கத்தில் கை கொம்பைத் தேடிப் போனது. தொட்டி ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த கொம்பு காய்ந்து வெளுத்திருந்தது. கொம்புக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவில் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. இந்தத் தொட்டி கட்டிய நாளிலிருந்து அந்தக் கொம்பு காய்ந்து அவர் பார்த்ததில்லை. சிரிப்பு அப்படியே நின்றது.

அவருக்கு விஷயம் ஒரு நொடியில் புரிந்துவிட்டது. ஐந்து வாரமாக அந்தப் பெண்ணை அழவைத்தது அவர் கை. பதினெட்டு வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றப் பார்த்ததும் அதே கை. சொன்னால் கிருஷ்ணசாமி வெளியே போ என்று சொல்லலாம், சொல்ல அவருக்கு உரிமையும் இருக்கிறது. சொல்லாவிட்டாலும் ஒன்றும் கெடாது, இனிமேல் கலக்காமல் இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் அவர் இப்படி யோசித்தார். ஆனால் அந்தப் பெண் தப்பான கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு அவரால் இருக்க முடியவில்லை.

"வெல்லம் இல்ல பாப்பா," என்றார். "நான் கலக்காததுதான்."

சிந்துஜா நிமிர்ந்து பார்த்தாள். "என்னய்யா சொல்றீங்க?"

"தெனம் கலக்கினேன். அரைமணிக்கு ஒருவாட்டி. இந்த நாலு நாளுதான் படுத்துட்டேன்."

"அசையாம இருக்கட்டும்னு சொன்னேனே. ஏன்யா கலக்கினீங்க?"

கலியபெருமாள் தலை குனிந்தார். "மூடி வச்சா மூச்சு முட்டுமேன்னு நெனச்சேன்."

சிந்துஜாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நோட்டில் எழுதிய கணக்கை அடித்துவிட்டாள். பிறகு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள். இந்தப் பாக்டீரியா காற்று கிடைத்தால் காற்றைத்தான் எடுத்துக்கொள்ளும், சாயத்தைத் திரும்பிப் பார்க்காது. காற்று இல்லாதபோதுதான் சாயத்தில் கை வைக்கும். அதற்கு மூச்சு முட்டாது, காற்றில்லாமலும் பிழைக்கத் தெரிந்த ஜாதி அது. கலக்கக் கலக்க அவர் அதற்குக் காற்றை ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

கிருஷ்ணசாமிக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? ஐந்து வாரம் போனது, மிச்சம் மூன்று வாரம்தான். அதிகாரி வந்து போகும்வரை அண்ணன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். சிந்துஜா ஒப்புக்கொள்ளவில்லை. கலக்கக் கூடாது என்பது இவருக்குப் புரிந்த மாதிரி இனி யாருக்கும் புரியாது, தொட்டிக்கு இவர்தான் வேண்டும் என்றாள். ஆனாலும் காலேஜ்காரி, ஒரே தடவை பார்த்து நம்பிவிடுவாளா? இரண்டு பிளாஸ்டிக் வாளிகளில் ஒரே தண்ணீர், ஒரே வெல்லம். ஒன்றைக் கலக்கச் சொன்னாள், ஒன்றைத் தொடக் கூடாது என்றாள். வலிக்கிற விரல்களோடு ஒரு வாளியைக் கலக்குவது கலியபெருமாளுக்குச் சிரமமாக இல்லை, இன்னொன்றைக் கலக்காமல் இருப்பதுதான் உயிரை வாங்கியது. இரண்டாம் நாள் மாலை, கலக்கிய வாளி சிவப்பு, கலக்காத வாளி தெளிவு. இதைத்தான் பெண் நோட்டில் எழுதினாள்.

அதிகாரி வருவது ஒரு வியாழக்கிழமை என்று தெரிந்தது. திங்கட்கிழமை காலை தொட்டியை நிரப்பி, வெல்லமும் ஈஸ்டும் ஊற்றி மூடினார்கள். கலியபெருமாள் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். கைகளை அக்குளில் கொடுத்துக் கட்டிக்கொண்டார். போகிறவன் வருகிறவனெல்லாம் கிண்டல் செய்தான். காவல்காரர் பக்கிரி, முப்பது வருடம் உழைத்துப் பெருமாளண்ணனுக்கு இப்போதுதான் உத்தியோக உயர்வு கிடைத்திருக்கிறது என்றார். எழுந்து மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கலியபெருமாள் ஒவ்வொரு நிமிஷமும் தவித்தார், ஒவ்வொரு நிமிஷமும் அடக்கிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிருஷ்ணசாமி வந்து மூடியைத் திறந்தார். தண்ணீர் சிவப்பாகவே இருந்தது. அவர் முகம் செத்துப்போனது. ராத்திரி தூங்காத கண்கள். பதினெட்டுப் பேர் சாப்பாடு, அப்பா வைத்துவிட்டுப் போன பட்டறை. என்ன செய்வதென்று தெரியாமல் சுவரோரம் கிடந்த ஒரு கொம்பை எடுத்து, அடியில் ஏதாவது தங்கியிருக்கும், ஒரு தடவை புரட்டிப் பார்க்கிறேன் என்று தொட்டிக்குள் விட்டார்.

முதலாளி என்று அழைப்பதற்கு மேல் குரல் உயர்த்தாத கலியபெருமாள், எழுந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியில் அவருடைய விரல் மூட்டுகளே உயிர் போக வலித்தன.

"விடுங்க முதலாளி. நான் தெரியாம செஞ்சேன். நீங்க தெரிஞ்சே செய்யாதீங்க."

கிருஷ்ணசாமி கையை உதறவில்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். பிறகு கொம்பு மெதுவாக வெளியே வந்தது. மூடியைப் போட்டார்கள். கிருஷ்ணசாமி இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இருட்டுகிறவரை இருவரும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள். தான் பார்த்த வேலைகளிலேயே இடுப்பொடித்த வேலை அதுதான் என்று கலியபெருமாள் பிற்பாடு சொல்வார்.

புதன்கிழமை காலை தண்ணீர் தெளிந்திருந்தது. அடுத்த தொட்டிக்கு மாற்றிக் காற்று ஊதிவிட்டார்கள். வியாழக்கிழமை அதிகாரி வந்து, பார்த்து, இரண்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, நல்லது கெட்டது ஒன்றும் சொல்லாமல் போனார். தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் கடிதம் வந்தது. நிறம் வரம்புக்குள் இருக்கிறது, தொடர்ந்து நடத்தலாம். கிருஷ்ணசாமி அதைச் சத்தமாகப் படித்தார். பாதியில் கடிதத்தை நீட்டிவிட்டார், மிச்சத்தைச் சிந்துஜா படித்தாள்.

அன்று மத்தியானம், கடைசியாகத் தெளிந்த தண்ணீரை அடுத்த தொட்டிக்குத் திறந்துவிட்டார்கள். தெளிந்த நீர் குழாய் வழியே போகப் போக, கலியபெருமாள் பக்கத்திலேயே நின்று கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். முழுசும் போய்விட்டால் அதுகள் கதி என்ன என்று சிந்துஜாவிடம் கேட்டார்.

"முழுசும் விடக் கூடாதுய்யா. மூணுல ஒரு பங்கு அடியிலயே கெடக்கட்டும். அடுத்த தண்ணிக்கும் அதுங்கதான் வேலை செய்யணும்."

"அப்ப யாரையும் வெளிய அனுப்ப வேணாமா பாப்பா?"

"வேணாம்யா. எல்லாம் இங்கயே இருக்கட்டும்."

அவள் பாக்டீரியாவைப் பற்றித்தான் சொன்னாள். கலியபெருமாள் குழாயை அடைத்தார். உள்ளே ஆட்கள் புதுச் சிட்டங்களைத் தோளில் போட்டுக்கொண்டு சாயத் தொட்டிகளுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேரையும் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தார். பதினெட்டில் ஒருவர் குறைந்தது. மறுபடியும் எண்ணினார், அப்போதும் குறைந்தது. தன்னைச் சேர்த்து எண்ணவில்லை என்று புரிந்ததும், தொட்டிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.